ஏறும் அரிசி, இறங்கும் ஏலக்காய்

கார் இல்லாமல் மளிகை வாங்குவது எப்படி என்பது அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி. அங்கே பல ஊர்களில் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் நடைபாதைகூட இல்லாத பெருஞ்சாலை கிடக்கும். அதே கேள்வியைப் போடிநாயக்கனூரில் கேட்டால் சிரிப்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கார் வைத்திருக்கும் வீடுகள் நூற்றுக்கு எட்டைக்கூடத் தொடவில்லை. கார் இல்லாமல் சாமான் வாங்குவது இந்த நாட்டில் விதிவிலக்கல்ல, வழக்கம். போடி நகருக்குள் புதிதாகக் குடிவருகிறவருக்கு அதில் பெரிய சிக்கலும் இல்லை. தெருமுனையில் பலசரக்குக் கடை, கூப்பிடு தூரத்தில் ரேஷன் கடை, காலையில் உழவர் சந்தை, வாசலில் கீரைக்காரம்மாள். கட்டைப்பையோடு ஒரு நடை போய்வந்தால் அன்றைய சமையலுக்கு வேண்டியது வந்துவிடும். ஆனால் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் சுவர் போல நிற்கும் மலையில், அதே கேள்வி சிரிக்க முடியாத கேள்வியாக மாறுகிறது. முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளத்து இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். இன்னொரு பக்கம் குரங்கணி, கொட்டகுடி, அவற்றுக்கு மேலே கொழுக்குமலை. வேறொரு மடிப்பில் சாலையே பார்க்காத அகமலைக் குடியிருப்புகள். இங்கெல்லாம் ஆள் போய்ச் சேர்ந்துவிடலாம். மூட்டை போய்ச் சேர்வதுதான் பாடு. இந்த வேறுபாட்டை நம் திட்டங்கள் கணக்கில் எடுப்பதில்லை. பயணி என்றால் ஆள் என்றுதான் நினைக்கிறோம். ஆளின் தலையில் இருக்கும் 25 கிலோவை யாரும் எண்ணுவதில்லை.

இந்த மலையின் நூற்றாண்டு வரலாற்றைப் பார்த்தால் நிலைமை ஒருகாலத்தில் தலைகீழாக இருந்தது தெரியும். மூணாறுத் தேயிலைத் தோட்டக்காரர்கள் முதலில் வழி செய்தது ஆளுக்கு அல்ல, சரக்குக்கு. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலச் சிறு ரயில் விட்டார்கள். அது வந்து நின்ற இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து மலைச்சரிவில் சுமார் 5 கி.மீ. நீளத்துக்குக் கம்பிவட வழி கட்டி, தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். மேலே டாப் ஸ்டேஷன் என்றால் கீழே கொட்டகுடிக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர் விழுந்தது. அங்கிருந்து 15 கி.மீ. மாட்டுவண்டியில் போடி. தேயிலை இறங்கிய அதே கம்பியில்தான் தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் மற்ற சாமான்களும் ஏறின. மேலே நெல் விளையாது. பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் அரிசி இல்லாமல் இருக்காது. ஆக, வேலைக்கு வந்தவர் செங்குத்தான பாதையில் நடந்து ஏற, அவர் தின்னப்போகும் அரிசி தலைக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு போனது. 1924 ஜூலை வெள்ளம் அந்தச் சிறு ரயிலை அடித்துக்கொண்டு போனது. நான்காண்டு கழித்து, 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இதையெல்லாம் வெள்ளைக்காரனின் கருணை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேயிலைப் பெட்டி கனமானது, இடம் அடைப்பது, கப்பல் நாளுக்குள் துறைமுகம் சேர வேண்டியது. அதற்காகக் கம்பி கட்டினார்கள். கீழே இறங்கிய வாளி மேலே வெறுமனே திரும்புவானேன் என்று அரிசியை ஏற்றினார்கள்.

மலைச்சரிவில் சாமான் ஏறும் விதத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும். எந்த விளைச்சல், எவ்வளவு எடையில், எந்த மாதத்தில், எந்த வழியாக இறங்குகிறதோ, அந்த அளவுக்கும் அந்த வழிக்கும் ஏற்பத்தான் வீட்டுச் சாமான் ஏறுகிறது. தேயிலை மலைக்கு ரயிலும் கம்பியும் வந்தன. ஏலமலைக்கு வரவில்லை. காரணம் ஏலக்காயின் குணத்தில் இருக்கிறது. பறித்த பச்சைக்காய் ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்ந்து வெளியே வரும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடைதான் மிஞ்சும். விலையோ நேர்மாறு. 2019 ஆகஸ்ட்டில் இடுக்கியின் புற்றடி ஏலக்கூடத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அவ்வளவு வேண்டாம், கிலோ 2,000 என்று வைத்தால்கூட ஒரு கிலோ காய்க்கு 40 கிலோ அரிசி வாங்கலாம். பத்துக் கிலோ காயைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் ஒற்றையடிப் பாதையில் இறங்கிவிடலாம். அதை விற்ற காசில் வாங்கும் 400 கிலோவை அவரால் ஏற்ற முடியாது. ஒரு ஏக்கர் தோட்டம் நன்றாகக் காய்த்த வருஷத்தில்கூட உலர்ந்த காயாக இறங்குவது சில நூறு கிலோ. நான்கு பேர் உள்ள குடும்பம் அதே வருஷத்தில் தின்பதும் புழங்குவதும் அதைவிடக் கூடுதல். அதற்கு மேல் உரமூட்டை, மருந்து டப்பா. இவை தோட்டத்துக்கானவை என்பதால் ஜீப்பில் இவற்றுக்குத்தான் முதல் இடம். அரிசி மூட்டை அடுத்தது, காய்கறி கடைசி. விளைபொருள் லேசாக இருப்பது வியாபாரிக்கு வரம். சாலை போடச் சொல்லி நெருக்க வேண்டிய அவசியம் அவருக்கு வருவதில்லை. கனமான பண்டம் விளைந்திருந்தால் மலைக்கு எப்போதோ வழி பிறந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அகமலை ஊராட்சியின் மேட்டுக் குடியிருப்புகளில் இதை நேரடியாகப் பார்க்கலாம். ஊத்துக்காடு போன்ற இடங்களுக்கு வண்டிப்பாதை இல்லாத காலம் முழுக்கக் குதிரைகள்தான் சரக்கு வண்டி. காப்பி, மிளகு, எலுமிச்சை, இலவங்காய் எல்லாம் குதிரை முதுகில் இறங்கும். அரிசி, எண்ணெய், உப்பு, சிமெண்டு மூட்டை, சமையல் எரிவாயு சிலிண்டர் அதே முதுகில் ஏறும். குதிரைக்கு நடைக் கூலி உண்டு. அதனால் போடிக் கடையில் ஒரு விலை, வீட்டு அடுக்களையில் இன்னொரு விலை. இந்த இரண்டாவது விலை எந்த விலைவாசிக் குறியீட்டிலும் ஏறாது. கனத்துக்குத் தக்கபடி கூலி என்பதால் அதன் பாரம் மலிவான பொருள்மீது கூடுதலாக விழுகிறது. ஒரு கிலோ முந்திரிக்கும் ஒரு கிலோ உப்புக்கும் குதிரை ஒரே கூலிதான் கேட்கும். உப்பின் விலையோ அந்தக் கூலியில் அமுங்கிப்போகும். மலைச் சமையலில் பருப்பும் கருவாடும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் முன்னால் நிற்பதை ருசிப் பழக்கம் என்று சொல்லிவிடுகிறார்கள். கெடாமலும் நசுங்காமலும் மேலே வந்து சேருகிற பொருள்கள் அவை என்பதும் ஒரு காரணம். தக்காளி 17 வளைவு தாண்டி ஜீப்பின் அடியில் கிடந்து வரும்போது பாதி சட்னியாகிவிடும். கொழுக்குமலையின் கதை இன்னும் விசித்திரம். தேனி மாவட்டத்து மண். ஆனால் ஜீப் போகும் வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து போவதானால் குரங்கணியிலிருந்து மலையேறி நடக்க வேண்டும். சொந்த மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு மூட்டை அரிசி வண்டியில் வருவதானால் அண்டை மாநிலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும்.

ஜீப்தான் இன்றைய கம்பிவடம். போடி, தேவாரம், கம்பம் வட்டாரங்களிலிருந்து விடியும் முன்பே ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் மெட்டு என்கிற மலைக்கணவாய் ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் களை எடுக்கவும் காய் பறிக்கவும் போகிற பெண்கள் அவற்றில் அதிகம். சாயங்காலம் திரும்பி ஊருக்குள் இறங்கும்போது விளக்கு வைத்திருப்பார்கள். அவர்களுக்குக் கடை தூரத்தில் இல்லை, நேரத்தில்தான் இல்லை. பகலில் திறந்திருக்கும் ரேஷன் கடை அவர்கள் வரும்போது பூட்டியிருக்கும். காலையில் கலையும் உழவர் சந்தை அவர்கள் மலையில் இருக்கும்போது கலைந்துவிடும். மிஞ்சுவது தெருமுனைப் பலசரக்குக் கடை. அது இரவு வரை திறந்திருக்கும்; பத்து ரூபாய்க்கு எண்ணெய் கொடுக்கும்; பற்று எழுதிக்கொள்ளும். சில்லறையாக வாங்குவதால் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்று பொருளாதாரம் படித்தவர்கள் குறை சொல்வார்கள். அந்தக் கூடுதலில் கடைக்காரரின் கடன் வட்டியும், இரவு எட்டரை வரை கடை திறந்து வைத்ததன் கூலியும், பெரிய மூட்டையை வாங்கி வைத்துத் துளித்துளியாகப் பிரித்துத் தருவதன் கூலியும் சேர்ந்திருக்கின்றன. மூட்டையைத் தூக்கும் வேலையை அந்தப் பெண் தன் தலையிலிருந்து கடைக்காரர் தலைக்கு மாற்றி வைத்திருக்கிறார் என்றும் இதைப் பார்க்கலாம். மலைமேலேயே லயத்திலும் தோட்டத்து வீட்டிலும் தங்குகிறவர்களுக்கு வேறு ஏற்பாடு. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் காய் இறக்கப் போகும் ஜீப், திரும்பும்போது சாமானை எடுத்துவரும். வாடகையைக் கட்டுவது காய்; ஒட்டிக்கொண்டு வருவது அரிசி. ஆடியிலிருந்து தை வரை எடுப்புக் காலத்தில் ஜீப் அடிக்கடி ஓடும். மாசி, பங்குனியில் காய் இல்லை, நடை குறைவு. அப்போது சாமானுக்கென்றே வண்டி பிடித்தால் வாடகை முழுதும் சாமான் தலையில்.

இந்த ஏற்பாடு முழுவதும் பழக்கத்தின் மேல் நிற்கிறது. கடைக்காரருக்கு ஆளைத் தெரிய வேண்டும், டிரைவருக்கு வீட்டைத் தெரிய வேண்டும், தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்குச் சீட்டை வாங்கிக்கொள்ள மனம் வேண்டும். புதிதாக வருகிறவருக்கு இல்லாதது இதுதான். கார் இல்லாதது அப்புறம். இன்று இந்த மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் போடிக்காரர்கள் அல்ல. ஜார்க்கண்ட், அஸ்ஸாம், மத்தியப் பிரதேசம் என்று தொலைவிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வந்து தங்கும் குடும்பங்கள். பற்று நோட்டில் பேர் ஏற ஒரு வருஷமாவது ஆகும்; அதுவரை கைக்காசு. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் அவர்களுக்கு உதவும் என்று சொல்லப்படுகிறது, உதவத்தான் செய்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை என்றால் எந்த மாநிலத்துக் கடையிலும் தானியம் வாங்கலாம். ஆனால் அந்த வசதி தமிழ்நாட்டுக்காரர் எல்லாருக்கும் கிடையாது. இங்கே அனைவருக்கும் பொது விநியோகம் என்பதால் முன்னுரிமை இல்லாத அட்டைக்கும் மாநில அரசு தன் செலவில் அரிசி தருகிறது. அந்த அட்டையோடு போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறையில் குடியிருப்பவர் அங்குள்ள கடையில் அரிசி கேட்க முடியாது. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று ஆனது. ஆகவே அவர் மெட்டு இறங்கி வந்து வாங்கி, மறுபடி மெட்டு ஏற வேண்டும். பொருள் இலவசம், சுமை இலவசமல்ல.

மெட்டு அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011 டிசம்பர் சாட்சி. முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள் மறிக்கப்பட்டன. இடுக்கித் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள்; வண்டி கிடைக்காதவர்கள் காட்டுப் பாதையில் நடந்தே இறங்கினார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் காய்கறி லாரிகள் நின்றன, மேலே சந்தைகளில் விலை ஏறியது. அரசியல் பக்கத்தை விட்டுவிட்டுச் சாமான் பக்கத்தை மட்டும் பார்த்தால் ஒன்று தெளிவாகும். உயர்மலையின் அடுக்களை மூன்று நான்கு மெட்டுகளில் தொங்குகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அதே கணவாய்கள் மறுபடியும் மூடின. இரு பக்கமும் கால் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதே பெரும்பாடாயிற்று.

ரேஷனை எடைபோட்டுப் பார்ப்போம். சாதாரணக் குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி, 2 கிலோ வரை சர்க்கரை, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் பாமாயில், கிடைத்தால் கோதுமை. கூட்டினால் 25 கிலோவை ஒட்டி நிற்கும். பரம ஏழைகளுக்கான அந்த்யோதயா அட்டை என்றால் அரிசியே 35 கிலோ. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலை இல்லை. உலகில் பல நாடுகள் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு இது. அதைக் குறைத்துச் சொல்ல நியாயமில்லை. ஆனால் இது கடை வாசலோடு முடிகிறது. சமவெளியில் அந்த வாசலிலிருந்து வீடு நாலு தெரு. சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். மலையில் கைரேகை வைக்கும் கருவிக்கு சிக்னல் கிடைக்கும் இடத்தில் கடை. வீடு அதற்கு மேல் ஒன்றரை மணி நேர ஏற்றம். வேலை செய்து தேய்ந்த விரலைக் கருவி ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டாவது நடை. 2020 செப்டம்பரில் 3,501 நகரும் நியாயவிலைக் கடைகள் அறிவிக்கப்பட்டபோது கடை ஆளைத் தேடி வரும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. வண்டி போகும் இடம் வரைதான் அது நகரும்.

பேருந்தில் இந்த மறதி இன்னும் பளிச்சென்று தெரிகிறது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று பெயர் பெற்ற இந்தத் திட்டம், சாமான் வாங்கும் விஷயத்தில் பெரிய மாற்றம்தான். பஸ் கட்டணம் மிச்சம் என்றால் விலை குறைந்த சந்தைக்குப் போகலாம். தெருமுனைக் கடையின் சில்லறை விலையிலிருந்து ஒரு நாளாவது தப்பலாம். மலைப்பகுதிகளுக்கும் இதை நீட்டிப்பதாக 2024-25 பட்ஜெட்டில் அறிவித்தபோது பெயர் சொல்லப்பட்டவை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை. போடிச் சரிவின் பெயர் அதில் இல்லை. இது ஒரு குறை. அடிப்படையான குறை மூட்டையில் இருக்கிறது. 1999 நவம்பரில் உழவர் சந்தைகள் தொடங்கியபோது, விற்க வரும் விவசாயி தன் காய்கறிக் கூடையைப் பேருந்தில் சுமைக் கட்டணமின்றி ஏற்றலாம் என்று வழிசெய்தார்கள். 2025 மார்ச்சில், அடையாள அட்டை பெறும் சுய உதவிக் குழுப் பெண்கள் தங்கள் விற்பனைப் பொருளை 25 கிலோ வரை, 100 கி.மீ. தூரம் வரை, அரசுப் பேருந்தில் இலவசமாக எடுத்துச் செல்லலாம் என்று அறிவித்தார்கள். இரண்டுமே அருமையான யோசனை. அந்த 25 கிலோ எங்கேயோ கேட்ட எண்ணாக இருக்கிறதல்லவா? ஒரு வீட்டின் மாத ரேஷன் எடை. விற்கப் போகிறவரின் மூட்டையை அரசு கண்டுகொண்டது. வாங்கிச் செல்கிறவரின் மூட்டை இன்னும் கண்டக்டரின் மனநிலையைப் பொறுத்தது. அவர் நல்லவராக இருந்தால் எஞ்சின் பக்கத்தில் இடம், இல்லாவிட்டால் ‘அடுத்த வண்டியில வாம்மா.’ குரங்கணி போன்ற ஊருக்கு அடுத்த வண்டி சில மணி நேரம் கழித்து.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது மொபெட். உண்மைதான். 1980-இல் டி.வி.எஸ். 50 வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டின் மூட்டை வரலாறே மாறியது. முன்னால் தட்டையாக இடம் விட்ட அந்தச் சின்ன வண்டியில் ஒரு சிப்பம் அரிசி, அதன்மேல் காய்கறிப் பை, பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை என்று ஏற்றிப் போகும் காட்சிக்கு எந்த விளம்பரமும் தேவைப்படவில்லை. சாமான் சேர்க்க அதைவிட மலிவான வண்டி இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்த வண்டி பகலில் வீட்டில் இருப்பதில்லை. ஆண் வேலைக்குப் போகும் இடத்தில் நிற்கிறது. வயதானவர், தனியாக வாழும் பெண், ஊருக்குப் புதியவர் ஆகியோரிடம் அது இல்லை. சாலை முடியும் இடத்தில் அதுவும் முடிந்துவிடும். அடுத்தது, செல்போனில் சொன்னால் வீட்டுக்கே வருமே என்பது. சென்னையில் வரும். போடி நகருக்குள்ளும் கடைக்குப் போன் செய்தால் பையன் கொண்டுவந்து வைப்பான். அதற்குச் செயலி தேவையில்லை. சரிவில் ஒரு வீட்டுக்கு ஒரு பை என்று கொண்டுபோகும் செலவை எந்த நிறுவனமும் தாங்காது. பத்து வீட்டுச் சீட்டைச் சேர்த்து வாரம் ஒருமுறை ஜீப்பில் ஏற்றும் தோட்டத்து வழக்கம்தான் அங்கே கட்டுப்படியாகும். மூன்றாவது, அரசே வாசலில் கொடுக்கட்டும் என்பது. ஆந்திரம் 2021-இல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் வேன்களை விட்டு ரேஷனை வீதி வீதியாகக் கொண்டுபோனது. 2025 ஜூன் முதல் அதை நிறுத்திவிட்டுக் கடைக்கே திரும்பியது. தமிழ்நாடு 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் வீட்டில் கொடுக்கிறது. எல்லாருக்கும் கொடுப்பதைவிட, நடக்க முடியாதவருக்குக் கொடுப்பது நிலைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே தர்க்கத்தை ஒரு படி நீட்டினால், நடக்க முடிந்தாலும் சுமந்துகொண்டு ஏற முடியாத இடத்தில் இருப்பவரும் அதில் சேர வேண்டியவர்தானே?

இன்னொரு ஆட்சேபம் படித்தவர்களிடமிருந்து வரும். நல்ல கடை பக்கத்தில் இல்லாத இடங்களை மேல்நாட்டில் உணவுப் பாலைவனம் என்பார்கள். நகரத்தில் ஒரு மைல், கிராமத்தில் பத்து மைல் என்று அமெரிக்க வேளாண் துறை அதற்கு அளவுகூட வைத்திருக்கிறது. 2019-இல் அங்கே பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட பெரிய ஆய்வொன்று, ஏழை பணக்காரர் சாப்பாட்டுத் தரத்தில் உள்ள வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் கடையின் இருப்பு காரணம் என்றது. பாலைவனத்தில் புதுக் கடை திறந்தாலும் வாங்கும் பொருள் பெரிதாக மாறவில்லையாம். அப்படியானால் தூரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவானேன்? அந்த ஆய்விலேயே விடை இருக்கிறது. புதுக் கடை வரும் முன்பும் அந்த மக்கள் மைல் கணக்கில் பயணம் செய்து பெரிய கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே பெரும்பாலான வீடுகளில் கார் உண்டு. தூக்கும் வேலையை எஞ்சின் ஏற்கெனவே முடித்துவிட்ட சமூகத்தில் எடுத்த கணக்கு அது. தலையிலும் குதிரையிலும் தூக்குகிற சமூகத்துக்கு அதை அப்படியே பொருத்தினால் தப்புக் கணக்காகும். தூரம் பெரிதல்ல என்பதை ஒப்புக்கொள்ளலாம். தூரத்தோடு எடை சேரும்போது அது பெரிதாகிறது.

எல்லாக் குடியிருப்புக்கும் தார்ச்சாலை போட்டால் தீர்ந்தது என்பார் சிலர். சில இடங்களில் போடலாம், போட்டும் வருகிறார்கள். சில இடங்கள் காப்புக்காடு. சில இடங்களில் ஒவ்வொரு மழைக்கும் மண் சரியும். சாலை வந்தபின்னும் அதில் ஓட வண்டி வேண்டும், அந்த வண்டி ஓட இறங்கும் சரக்கு வேண்டும். 12 ஆண்டு அகலப்பாதை வேலைக்குப் பிறகு 2023 ஜூன் 15 அன்று போடிக்கு மறுபடி ரயில் வந்து, சென்னைக்கு நேர் வண்டியும் ஓடத் தொடங்கியபோது ஊரே நிலையத்தில் திரண்டது. ஆள் போக்குவரத்துக்கு அது திருவிழா. கொட்டகுடிக்கு மேலே இருப்பவரின் அரிசி மூட்டைக்கு அதனால் ஒரு அடியும் குறையவில்லை. பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை வேறு உண்டு. சுய உதவிக் குழுவுக்குத் தந்த 25 கிலோ சலுகையை ரேஷன் பைக்கும் நீட்டுவது; மலையடிவார ரேஷன் கடையை வாரம் ஒருநாளாவது, தொழிலாளர் ஜீப் இறங்கும் நேரத்துக்குத் திறப்பது; நகரும் கடை வரும் நாளையும் தோட்டத்துக் கூலி நாளையும் பொருத்துவது; சாலை முடிகிற இடத்திலிருந்து மேலே போகும் குதிரைக் கூலியை ரேஷன் அரிசியின் போக்குவரத்துச் செலவிலேயே சேர்ப்பது. கிடங்கிலிருந்து கடைக்கு லாரியில் வரும் அரிசிக்கு அரசு வாடகை கொடுக்கிறது. லாரி போகாத கடைசித் துண்டுக்குக் குதிரையை லாரியாக எண்ணுவதில் என்ன தடை?

முன்மாதிரி இல்லாத விஷயமும் அல்ல. ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல் நாள், போடியைச் சுற்றிய மலைக் குடியிருப்புகளுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரையில் ஏறுகின்றன. முன்னால் குதிரைக்காரர், பின்னால் அலுவலர்கள், துணைக்குப் போலீஸ். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம் வரும். அந்த நடைக்கு வாடகை அரசுக் கணக்கில். வாக்குப்பதிவு முடிந்து இயந்திரம் இறங்கிய பிறகு அதே குதிரை, அதே பாதையில், யாரோ ஒருவர் வீட்டுக்கு 20 கிலோ ரேஷன் அரிசியை ஏற்றிக்கொண்டு போகும். அந்த நடைக்கு வாடகை அந்த வீட்டுக்காரர் கணக்கில்.